ஜார்ஜ் டவுன்: சுவரில் ஓவியம், வீட்டில் யார்?

நொடிந்துபோன பழைய நகரப் பகுதியில் ஒரு கலைக்கூடம் திறந்தால் போதும், தெரு பிழைத்துவிடும் என்போர் மலேசியாவில் பினாங்கின் ஜார்ஜ் டவுனைத்தான் சான்று காட்டுவார்கள். அது பாதி உண்மை. 1969இல் வரியற்ற துறைமுகம் என்ற சலுகை போனது, வணிகம் வாடியது. அடுத்த பத்தாண்டில் தொழிற்சாலை வேலைகள் நகருக்கு வெளியே பாயான் லெப்பாஸ் பக்கம் பெருகின. 1948க்கு முந்தைய கட்டடங்களுக்கு வாடகைக் கட்டுப்பாடு இருந்ததால்தான் சிறு கடைக்காரர்களும் கைவினைஞர்களும் அங்கேயே தங்க முடிந்தது. 2000 ஜனவரி 1இல் அதுவும் நீங்கியது. வாடகை ஏறியது, பலர் வெளியேறினார்கள். யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய அங்கீகாரம் 2008இல். ஆர்மீனியன் தெருவின் புகழ்பெற்ற சுவரோவியம் 2012இல் (பிள்ளைகள் இருவரும் படம், அவர்கள் ஏறியிருக்கும் சைக்கிள் நிஜம்). பழைய பேருந்துப் பணிமனையான ஹின் பஸ் டிப்போ கலைக்கூடமானது 2014இல். கலை வந்தபோது குடிகளில் பலர் போய்விட்டிருந்தார்கள்.

சமூகப் பண்பாட்டுக் கூடம் அந்த ஊருக்குப் புதிதல்ல. சீனர்களான கூ குலத்தாரின் கோங்சியில் (குலச் சங்கத்தில்) கோயிலுக்கு எதிரே கூத்து மேடை. திடலைச் சுற்றி வரிசை வீடுகள். சாமிக்கு முன் கூத்து, கூத்துக்குப் பக்கத்திலேயே குடித்தனம். தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய கபித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி நிலம் கொடுத்தது. அதைச் சுற்றி வக்ஃபு நிலமும் குடியிருப்பும் இருந்தன. விழா நடத்தியவர்கள் கையிலேயே வீடும் இருந்தது. புதிய கலைக்கூடங்களுக்கு அது இல்லை. என் வாதம் இவ்வளவுதான்.

வாடகைக் கட்டுப்பாடே கூரைகளைச் சரித்தது என்று மறுப்பார்கள். மறுக்க முடியாது, சொற்ப வாடகை வாங்கும் உரிமையாளர் ஓடு மாற்றமாட்டார். ஆனால் பழுதுபார்க்க மானியம் கொடுத்து, அதற்கு ஈடாக வாடகையை மெல்ல ஏற்றச் சொல்லியிருக்கலாமே! திங்க் சிட்டி என்ற அமைப்பு மானியத்தோடு வந்தது 2009இல்தான். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: கலையும் பாரம்பரிய அங்கீகாரமும் வராதிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்? காலியான கடைவீடுகள் பலவற்றை உழவாரக் குருவிகளுக்கு விட்டு, ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் ஒலிக்கவைத்து, சூப்புக்கான கூடுகளை அறுவடை செய்துகொண்டிருந்தார்கள். அங்கீகாரம் கிடைத்த பிறகே அரசு அவற்றை அகற்ற முனைந்தது. அந்த அளவுக்கு அந்த அங்கீகாரத்துக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனாலும் பழைய தெருவில் அரங்கம் திறக்கப் புறப்படுவோர், முதலில் அந்தத் தெருவின் வாடகைதாரர்களுக்கு நீண்டகால ஒப்பந்தம் வாங்கிக் கொடுக்கட்டும். திறப்பு விழா ஒரு வருடம் தள்ளிப்போனால் நட்டமில்லை.