சாய்ந்த சிலுவை

ஹங்கேரியின் புனித மணிமுடி இப்போது புடாபெஸ்ட் நாடாளுமன்றத்தின் குவிமாடத்துக்குக் கீழே கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. உச்சியில் உள்ள சிலுவை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் எப்படியோ நசுங்கியிருக்க வேண்டும் என்கிறார்கள். நல்ல பொற்கொல்லர் நினைத்தால் நிமிர்த்திவிடலாம்; யாரும் தொடவில்லை. அரசுச் சின்னத்திலும் அந்தச் சாய்வோடுதான் வரைகிறார்கள்.

கி.பி. 1000-ஐ ஒட்டி போப் இரண்டாம் சில்வெஸ்டர் அனுப்பி, முதல் மன்னர் புனித ஸ்டீபன் சூடிய முடி இது என்பது ஐதீகம். முடியே அதை மறுக்கிறது. பின்புறம் மேலே பைசாந்தியப் பேரரசர் ஏழாம் மிக்கேலின் எனாமல் உருவம். அவர் ஆண்டது 1071 முதல் 1078 வரை. ஸ்டீபன் இறந்ததோ 1038-இல். கீழே ஹங்கேரி மன்னர் முதலாம் கேஸா. பேரரசருக்குத் தலையைச் சுற்றி ஒளிவட்டம், பெயர் சிவப்பில். கேஸாவுக்கு ஒளிவட்டம் இல்லை, பெயர் நீலத்தில், பார்வை பேரரசர் பக்கம். ஒரு நாட்டின் இறையாண்மைக்கே அடையாளமான முடியில் அந்நாட்டு மன்னர் இன்னொருவருக்கு அடங்கியவராக நிற்கிறார்! ஆய்வாளர்கள் இதைச் சொன்ன பிறகும் மக்களின் பற்று குறையவில்லை. குறைய வேண்டியதும் இல்லை. இந்த முடிக்கு மதிப்பைத் தந்தவர்கள் இதைப் பறிகொடுத்து, தேடி, மீட்ட தலைமுறைகள்தாம்.

வேறு எதைச் சூட்டினாலும் பட்டம் செல்லாது என்பது அங்கே வழக்கமாக இருந்தது. முதலாம் சார்லஸுக்கு மூன்று முறை முடிசூட்ட வேண்டியிருந்தது. 1310-இல் இதைச் சூட்டிய பிறகுதான் எதிர்ப்பு ஓய்ந்தது. 1440-இல் விதவை ராணி எலிசபெத்துக்காக ஹெலன் கோட்டனர் என்ற பணிப்பெண் விஷெக்ராத் கோட்டையிலிருந்து இதைத் திருடி, தலையணைக்குள் வைத்துத் தைத்து, உறைந்த டான்யூப் ஆற்றைச் சறுக்குவண்டியில் கடந்தார். ராணிக்குப் பிறந்த கைக்குழந்தையின் தலையில் அது ஏறியது. பிறகு ஆஸ்திரியாவின் மூன்றாம் ஃபிரெடரிக்கிடம் அடகு போனது. 1463-இல் 80,000 பொற்காசு கொடுத்து மன்னர் மத்தியாஸ் மீட்டார்.

கடைசியாக இது ஒரு தலையில் ஏறியது 1916 டிசம்பர் 30-இல். அதன் பின் 1920 முதல் 1944 வரை, அரசரே இல்லாத நாட்டை ராஜப் பிரதிநிதியாக ஹோர்த்தி ஆண்டார். தலை தேவைப்படவில்லை, முடி போதுமாக இருந்தது. 1945-இல் காவலர்கள் எண்ணெய்ப் பீப்பாய்க்குள் வைத்து ஆஸ்திரியாவில் மாட்சே என்ற ஊரில் புதைத்தார்கள். அமெரிக்கப் படையிடம் சிக்கி, தங்கக் கையிருப்பு உள்ள ஃபோர்ட் நாக்ஸ் வரை போய், 1978 ஜனவரி 6-இல் வீடு திரும்பியது. தன் சின்னத்தில் முடியையே வைக்காத கம்யூனிஸ்ட் அரசு அதை மனமுவந்து வாங்கிக்கொண்டது.

2011-இன் புதிய அரசமைப்பு, நாட்டின் தொடர்ச்சிக்கும் தேசத்தின் ஒற்றுமைக்கும் இம்முடியே வடிவம் என்கிறது. மக்கள் வாக்கில் பிறந்த அரசு தன் தகுதிக்குச் சான்று தேட வேண்டிய இடம் இதுவல்ல. ஒற்றுமை பேசும் அந்த வரிகள் நிறைவேறியபோது சோஷலிஸ்டுகளும் பசுமைக் கட்சியினரும் வாக்கெடுப்பைப் புறக்கணித்திருந்தார்கள்.