பிரிட்டனில் படிச்சு முடிச்சதும் வேலை கிடைச்சிடுமா? மாணவர்கள் தெரிஞ்சுக்க வேண்டிய விசா கணக்கு

'ஒரு வருஷம் எம்.எஸ்சி., அப்புறம் ரெண்டு வருஷம் அங்கேயே வேலை, கடன் அடைஞ்சிடும்.' பிரிட்டன் போக நினைக்கும் நம்ம ஊர் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கணக்கு இது. இதில் 'ரெண்டு வருஷம்' இப்போது மாறுகிறது. 'கடன் அடைஞ்சிடும்' என்பதற்கு எப்போதுமே உத்தரவாதம் இருந்ததில்லை.

என்ன மாறுகிறது?

படிப்பை முடித்த வெளிநாட்டு மாணவர்கள் அங்கேயே தங்கி வேலை தேட உதவுவது 'கிராஜுவேட் விசா'. இதற்கு ஸ்பான்சர் தேவையில்லை. இதுவரை 2 ஆண்டுகள் கிடைத்தது. 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதங்கள்தான். பிஎச்.டி. முடித்தவர்களுக்கு மட்டும் பழையபடி 3 ஆண்டுகள்.

கணக்கில் வருவது படிப்பில் சேர்ந்த தேதி அல்ல, விசாவுக்கு விண்ணப்பிக்கும் தேதி. அதுவும், நீங்கள் படிப்பை முடித்துவிட்டதாகப் பல்கலைக்கழகம் அரசுக்குத் தெரிவித்த பிறகுதான் விண்ணப்பிக்கவே முடியும். 2026 செப்டம்பரில் ஒரு வருடப் படிப்பில் சேர்பவருக்கு 18 மாதம்தான். 2025 செப்டம்பரில் சேர்ந்தவருக்கோ, ரிசல்ட் டிசம்பருக்குள் வருகிறதா என்பதில் ஆறு மாதம் தொங்கிக்கொண்டிருக்கிறது.

படிக்கும்போதே வேலை பார்க்கலாமா?

டிகிரி, மாஸ்டர்ஸ் மாணவர்கள் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் வரை பார்க்கலாம். வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இந்த வாரம் 10, அடுத்த வாரம் 30 என்று சரிக்கட்ட முடியாது.

மாஸ்டர்ஸ் மாணவர்கள் சறுக்கும் இடம் கோடைக்காலம். கேம்பஸே காலியாக இருக்கும், லீவுதானேன்னு முழுநேர வேலைக்குப் போயிடுவாங்க. ஆனால் ஆய்வறிக்கை எழுதும் அந்த மாதங்களும் பொதுவாகப் படிப்புக் காலம்தான். ஆப் மூலம் உணவு டெலிவரி செய்வதும் ஆபத்து. அது சுயதொழில் கணக்கில் வரும், மாணவர் விசாவில் சுயதொழிலுக்கு அனுமதி இல்லை. நண்பரின் அக்கவுன்ட்டில் ஓட்டினால் சிக்கல் இரண்டு மடங்கு.

21 வயது முடிந்தவர்களுக்கு 2026 ஏப்ரல் முதல் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.71 பவுண்டு. 20 மணி நேரத்துக்கு சுமார் 254 பவுண்டு. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் உதவும், கல்விக் கட்டணத்தை இதில் கட்டிவிட முடியாது.

அப்போ உண்மையான தடை எது?

சம்பளம். 18 மாதம் முடிந்தும் அங்கே வேலை பார்க்க, பெரும்பாலானோருக்கு வழி 'ஸ்கில்டு வொர்க்கர் விசா'. இதற்கு ஆண்டுச் சம்பளம் பொதுவாக 41,700 பவுண்டு இருக்க வேண்டும். இப்போதுதான் படித்து முடித்தவர்களுக்குச் சலுகை உண்டு: 33,400 பவுண்டு, அல்லது அந்த வேலைக்கு நிர்ணயித்த சம்பளத்தில் 70 சதவீதம், இதில் எது அதிகமோ அது. 2025 ஜூலை 22 முதல், சில விதிவிலக்குகள் தவிர, வேலையும் பட்டதாரி நிலையில் இருக்க வேண்டும்.

குறைந்தபட்ச ஊதியத்தில் ஒரு குடோனில் வாரம் 37.5 மணி நேரம் உழைத்தால் ஆண்டுக்கு சுமார் 24,800 பவுண்டு வரும். அங்கே எவ்வளவு நல்ல பேர் வாங்கினாலும் அந்த வேலை விசாவாக மாறாது. கிராஜுவேட் விசாவில் எந்த வேலைக்கும் போகலாம் என்பதே ஒரு விதத்தில் பொறி. மாதாமாதம் பணம் வரும், காலம் ஓடிக்கொண்டே இருக்கும்.

பலருக்குத் தெரியாத இன்னொன்று: அந்தச் சம்பளச் சலுகை மொத்தம் 4 ஆண்டுகளுக்குத்தான். கிராஜுவேட் விசாவில் கழித்த காலமும் அதில் அடக்கம்.

நிறுவனத்துக்கும் செலவு உண்டு. ஸ்பான்சர் லைசென்ஸ் வேண்டும். பெரிய நிறுவனம் என்றால் ஒரு ஊழியருக்கு ஆண்டுக்கு 1,320 பவுண்டு திறன் வரி வேறு. 'ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா?' என்ற கேள்விக்கு 'ஆம்' போட்டதும் பல விண்ணப்பங்கள் அங்கேயே நின்றுபோவது இதனால்தான்.

எப்போது தேடத் தொடங்கணும்?

போய் இறங்கிய மாதமே. பெரிய நிறுவனங்கள் பலவும் அடுத்த ஆண்டுக்கான பட்டதாரி வேலைகளுக்கு செப்டம்பர், அக்டோபரிலேயே விண்ணப்பம் வாங்கத் தொடங்கிவிடும். ரிசல்ட் வரட்டும் பார்க்கலாம்னு இருந்தால் ஒரு சீசன் போச்சு. படிப்பு முடிந்ததுமே வேலை கையில் இருந்தால், கிராஜுவேட் விசா எடுக்காமல் நேராக ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கே மாறலாம்.

'இத்தனை லட்சம் கொடுங்க, ஸ்பான்சர்ஷிப் வாங்கித் தர்றோம்' என்று யாராவது வந்தால் உஷார். ஸ்பான்சர் சான்றிதழுக்கான கட்டணத்தை நிறுவனம் ஊழியரிடம் வசூலிக்கக் கூடாது என்பது விதி. லைசென்ஸ் உள்ள நிறுவனங்களின் பட்டியலை பிரிட்டன் அரசே இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. பட்டியலில் பெயர் இருப்பதாலேயே வேலை உண்டு என்று அர்த்தமில்லை. பெயரே இல்லை என்றால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.