பழைய கணினியும் அதற்கேற்ற நினைவகமும்

கல்வெட்டு ஆராய்வோர் எழுத்தின் வடிவைக் கண்டே அதன் காலத்தைக் கூறுவர். கணினியின் நினைவகப் பலகையும் அத்தகையதே. அது பிறந்த காலத்தைத் தன் விளிம்பிலேயே தாங்கி நிற்கிறது. விளிம்பிலுள்ள முனைகளின் எண்ணிக்கையும், அவற்றினிடையே அமைந்த சிறு வெட்டின் இடமுமே அதன் எழுத்துகள். இவற்றைப் படிக்கக் கற்றவர்க்குப் பழைய கணினிக்கேற்ற நினைவகத்தைத் தேடுதல் அரிய செயலன்று.

ஜொகூர் மாநிலத்தார்க்கு இஃது அயலான பொருளும் அன்று. மூவார் நகரில் மின்னணுச் சில்லுகளை உறையிட்டுச் சோதிக்கும் தொழில் 1974-ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. 2010-இல் நியூமோனிக்ஸ் நிறுவனத்தை மைக்ரான் வாங்கியபோது, மூவாரிலிருந்த நினைவக ஆலையும் அதன் கைக்கு வந்தது.

'நினைவகம்' என்னும் பெயரே சிலரை மயங்க வைக்கும். நாம் எழுதிய கட்டுரையும் கணக்கும் தங்கியிருப்பது வட்டிலேயாகும். ரேம் எனப்படும் நினைவகமோ, வேலை நடக்கும்போது மட்டும் செய்தியை ஏந்தி நிற்பது. மின்சாரம் நின்றால் அனைத்தையும் மறப்பது. ஐ.பி.எம். நிறுவனத்தைச் சார்ந்த ராபர்ட் டென்னார்டு இதன் அமைப்பை வகுத்து, 1968-இல் காப்புரிமை பெற்றார். ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து ஒரு பிட் செய்தியை ஏந்துகின்றன. தேக்கிய மின்னூட்டம் நொடிப்பொழுதில் கசிந்துவிடுமாதலின், அதை இடைவிடாது புதுப்பிக்க வேண்டும். மறவாதிருக்கப் பாடத்தைத் திரும்பத் திரும்ப ஒப்பிக்கும் மாணவனை இதற்கு உவமை கூறலாம். 1970-இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 1103 என்னும் சில்லு ஏறத்தாழ ஆயிரம் பிட்டுகளையே கொண்டிருந்தது.

இனி, பலகைகளின் வரலாற்றைக் காண்போம். முதலில் வழங்கிய 30 முனைச் சிம் பலகை ஒரே வேளையில் 8 பிட்டுகளை மட்டும் தரும். 32 பிட்டுகளை வேண்டிய 486 கணினிக்கு அத்தகையன நான்கு வேண்டியிருந்தன. அடுத்து வந்த 72 முனைப் பலகை 32 பிட்டுகளைத் தந்தது. 64 பிட்டுகளை வேண்டிய பென்டியத்திற்கு அதனை இணையாகவே இட வேண்டும். பின்னர் 168 முனை டிம் வந்தபின் ஒன்றே போதுமென்றாயிற்று. 2000-இல் டி.டி.ஆர். முறைக்குத் தரம் வகுக்கப்பட்டது. அதற்கு 184 முனைகள். 2003-இல் டி.டி.ஆர்.2, 2007-இல் டி.டி.ஆர்.3, 2012-இல் டி.டி.ஆர்.4, 2020-இல் டி.டி.ஆர்.5 என அடுத்தடுத்துத் தரங்கள் எழுந்தன.

ஈண்டு ஒன்றைக் கருத்தில் கொள்ளல் வேண்டும். மேசைக் கணினிக்குரிய டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 இரண்டிற்கும் முனைகள் 240-தான். ஆயினும் முன்னதற்கு 1.8 வோல்ட்டு மின்னழுத்தம், பின்னதற்கு 1.5 வோல்ட்டு. ஒன்றை மற்றொன்றின் இடத்தில் செருகாதபடி தடுக்கவே வெட்டின் இடத்தை மாற்றி வைத்தனர். டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 ஆகியவையும் 288 முனைகளால் ஒத்து, வெட்டினால் வேறுபடுவன. ஆதலின், எண்ணிக்கை ஒன்றையே நம்புவோர் ஏமாறுவர். பொருந்தாததை வலிந்து அழுத்துவோர் தாய்ப்பலகையையே இழப்பர்.

வெட்டுப் பொருந்தினாலும் ஐயம் முற்றும் தீராது. தாய்ப்பலகையில் பொறித்துள்ள பெயரைக் குறித்துக்கொண்டு, அது மொத்தம் எவ்வளவு ஏற்கும், ஒரு செருகுவாய்க்கு எவ்வளவு ஏற்கும் என்பவற்றை அதற்குரிய கையேட்டில் காணல் வேண்டும். 32 பிட் விண்டோசில் இயங்கும் வீட்டுக் கணினிக்கு 4 ஜிகாபைட்டுக்கு மேல் இடுவதால் பயனில்லை. பெருங்கணினிகளுக்கென்று செய்த 'ரெஜிஸ்டர்டு' வகைப் பலகை மலிவாகக் கிடைப்பினும் வீட்டுக் கணினியில் இயங்காது. பள்ளிகளில் ஒரே ஆண்டில் வாங்கிய ஒரே வகைக் கணினிகள் பல இருக்கக்கூடும். அவற்றுள் வேறு பழுதால் நின்றுபோனதன் நினைவகமே மற்றொன்றுக்குச் சிறந்த மருந்தாகும்.

பழைய பொறிக்கு இத்துணை உழைப்பு எதற்கு என்பார் உளர். மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு அஞ்சலைத் தோற்றுவித்த காலம் முதல், தமிழ் கணினியில் பல குறியீடுகளில் எழுதப்பட்டு வந்தது. 1999-இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி டாம், டாப் என இரு முறைகள் தரமாயின. திஸ்கியும் உடன் வழங்கிற்று. ஒருங்குறி பின்னரே பரவிற்று. அந்நாளில் ஆசிரியர்கள் எழுதிய வினாத்தாள்களும், சங்க மலர்களும், நாடகங்களும் பழைய எழுத்துருக்களோடும் பழைய மென்பொருள்களோடும் அப்பொறிகளிலேயே உறங்குகின்றன. நினைவகம் பழுதுற்றால் கணினி எழாது. எழுந்தாலன்றி அவற்றை உரியவாறு திறந்து ஒருங்குறிக்கு மாற்றுதல் எளிதன்று.

ஓலைச்சுவடி செல்லரிக்கும் முன் படியெடுத்தவர்களாலேயே நமக்கு நூல்கள் கிடைத்தன. இப்பணியும் அதனோடு ஒத்ததே. பொருந்திய நினைவகப் பலகை ஒன்றைத் தேடி இடுதல் அதன் முதற்படியாகும்.