பனடோலுக்கு மேலே ஒரு படி

எங்கட பக்கம் எந்த வலிக்கும் பனடோல்தான். அதுக்கு அடங்காத வலிக்கு? 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கென மூன்று படிகள் வகுத்தது. நடுப்படியில் பரசிற்றமோலை நிறுத்தாமல், அபினில் இருந்து வந்த கோடீனையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டும் வலியை வெவ்வேறு வழியால் மறிப்பதால், கோடீன் கொஞ்சமே போதும். மேல்படி மோர்பின்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. கோடீனைப் பிரித்தெடுத்தது 1832இல்.

2009 மார்ச்சில், குச்சவெளிப் பிரிவின் வடக்கே புல்மோட்டையில், இந்திய மருத்துவக் குழு கள மருத்துவமனை அமைத்தது. புதுமாத்தளன் கரையில் இருந்து காயப்பட்ட சனம் செஞ்சிலுவைக் குழுவின் கப்பலில் அங்கே வந்திறங்கினது. ஷெல் காயத்துக்கு இந்த ஏணியில் மேலிருந்து இறங்கவேணும்: முதலில் மோர்பின், வலி தணியத் தணிய நடுப்படி, கடைசியில் பனடோல். ஆனால் கப்பலேறும் வரைக்கும் பலருக்கு ஒரு படியும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. வன்னிக்குள் மருந்துகளை, முக்கியமாக அறுவைச் சிகிச்சைப் பொருட்களை, அரசு போதியளவு விடவில்லை எண்ட குற்றச்சாட்டு நம்பத்தகுந்தது என்று 2011இல் ஐ.நா. நிபுணர் குழு எழுதியது.