துப்பாக்கிக் கெசம்: கோலா கிளாவாங் தோட்டப்புறத்தை முன்வைத்து ஒரு நோக்கு

மலாயாத் தமிழர் வரலாற்றில் துப்பாக்கி இடம்பெறும்போதெல்லாம் அதை ஏந்தியவர் யார், அதற்கு இலக்கானவர் யார் என்னும் வினாக்களே முன்னிற்கின்றன. அத்துப்பாக்கியின் குழலைத் துடைத்த மரக்கோலை நாம் பொருட்படுத்துவதில்லை. எனினும் துப்பாக்கியோடு தொடர்புடையவற்றுள் பட்டறையை நாடாமல், வீட்டுத் திண்ணையில் ஒரு கத்தியைக் கொண்டே செய்துகொள்ளத்தக்கது அக்கோல்தான். நெகிரி செம்பிலான் மாநிலத்தின் ஜெலுபு மாவட்டத் தலைநகராகிய கோலா கிளாவாங்கையும் அதைச் சூழ்ந்த தோட்டப்புறத்தையும் முன்வைத்து இப்பொருளை இங்கு நோக்குவோம்.

முதலில் பெயர். இந்துஸ்தானியில் 'கஜ்' என்னும் சொல் துணி அளக்கும் கெசத்தையும் துப்பாக்கிக் குழலுள் செலுத்தும் கோலையும் ஒருங்கே குறிக்கும். துணிக்கடைக் கெசத்தை நாமறிவோம். துப்பாக்கிக் கெசத்தை அறிந்தோர் அருகிவிட்டனர். 'துப்பாக்கி' துருக்கிய மொழியினின்று தமிழுக்கு வந்த சொல். மலாய்மொழியின் 'செனாப்பாங்' டச்சுச் சொல்லின் திரிபு. ஆயுதத்தின் பெயர் இரு மொழிகளிலும் கடல்கடந்து வந்திருப்பது தற்செயலன்று.

வாய்வழி மருந்திடும் பழைய துப்பாக்கிகளில் இக்கோலுக்கு இரு பணிகள் இருந்தன: மருந்தையும் குண்டையும் இடித்து இறக்குவது ஒன்று, சுட்டபின் கரியைத் துடைப்பது மற்றொன்று. மரக்கோல் போர்க்களத்து அவசரத்தில் முறிந்துவிடும் என்பதால் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரஷ்யப் படை இரும்புக் கோலுக்கு மாறியது. பிரித்தானியப் படையும் அந்நூற்றாண்டிலேயே அதைப் பின்பற்றியது. பின்புறமாகத் தோட்டா இடும் துப்பாக்கிகள் 19ஆம் நூற்றாண்டில் பரவியபின் இடிக்கும் பணி மறைந்தது. துடைக்கும் பணி மட்டும் எஞ்சவே, மரத்துக்கு மீண்டும் இடம் கிடைத்தது.

தோட்டத்துக்கு வந்த தமிழர் எத்தகைய நிலத்திலிருந்து வந்தனர் என்பதும் ஈண்டு கருதத்தக்கது. பாளையக்காரர் போர் முடிவுற்றதும், 1801 டிசம்பர் 1 அன்று சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிவிப்பு தென்பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. 1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. ஆகவே, 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தும்வரை கங்காணிகளின் வழி மலாயாவுக்கு வந்தோரில் பெரும்பாலோர், தலைமுறைகளாகத் துப்பாக்கியைத் தொட்டறியாதவர் எனலாம். இங்கும் அது துரையின் பங்களாவுக்குரிய பொருளாகவே இருந்தது. 1943 முதல் 1945 வரை இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த தோட்டத் தொழிலாளர் ஆயிரக்கணக்கில் துப்பாக்கிப் பயிற்சி பெற்றது இவ்வரலாற்றில் ஒரு பெரும் இடைமுறிவு.

மூன்றே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 1948 ஜூனில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டதும் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்த குற்றத்துக்காகத் தொழிற்சங்கத் தலைவர் மலாயா கணபதி 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள், அவருடைய தோழரான பி. வீரசேனன் இதே ஜெலுபு வட்டாரத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாம் பேசும் கோலின் சூழல் இதுவே. ஒருவர் வீட்டில் துப்பாக்கி சார்ந்த ஒரு பொருள் இருப்பது உயிர்ப்பிரச்சினையாக இருந்த காலம் அது. அவசரகாலம் 1960 ஜூலை 31இல் முடிவுற்றது. அவ்வாண்டின் ஆயுதச் சட்டம் உரிம முறையைத் தொடர்ந்தது. காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உரிமம் பெற்றவர் கையிலிருந்தது பெரும்பாலும் மலாய்மொழியில் 'செனாப்பாங் பாத்தா' எனப்படும், நடுவில் ஒடித்துத் திறக்கும் சிதறுகுண்டுத் துப்பாக்கி.

தீபகற்ப மலேசியாவில் மழை குறைந்த வட்டாரமாக ஜெலுபு பேசப்படும். ஆயினும் துருப்பிடிக்க அங்குள்ள ஈரம் போதும். சுட்ட குழலை அன்றே துடைக்காவிட்டால் உட்புறம் புள்ளிபுள்ளியாக அரித்துவிடும்.

கோல் செய்வதில் மரத்தேர்வே முதன்மையானது. தோட்டத்தில் மலிந்து கிடைக்கும் ரப்பர் மரம் இதற்கு ஆகாது. பதப்படுத்தாத ரப்பர் மரத்தை வண்டும் பூஞ்சையும் விரைவில் அழித்துவிடும். பிரம்பு முறியாது, ஆனால் வளையும். நேரிழை கொண்ட வன்மரமோ முற்றிய கமுகின் வெளிப்புறச் சிலாகையோ ஏற்றது. மரத்தை வாளால் அறுக்காமல் கத்தியால் பிளந்தெடுக்க வேண்டும் என்பதை வலியுறுத்துவோம். பிளவு இழையின் வழியே செல்லும். அறுப்பு இழையைக் குறுக்கே வெட்டிவிடும். இழை சாய்ந்த கோல் அழுத்தும்போது குழலுக்குள்ளேயே சிம்பாக உடையும்.

பிளந்த சிலாகையை நிழலில் உலர்த்தி, முதலில் நாற்கோணமாகவும் பின்னர் எண்கோணமாகவும் செதுக்கினால் உருட்சி தானே வரும். உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்தால் வழவழப்பாகும். இரும்புத் தகட்டில் துளையிட்டு அதனுள் கோலை இழுத்துப் பார்த்தால் தடித்த இடங்கள் புலப்படும். பன்னிரண்டாம் எண் குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர், துணி சுற்றுவதற்கு இடம் வேண்டுமாதலால் கோல் 11 அல்லது 12 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. நுனியில் துணி கோக்க ஒரு பிளவும், அது மேலும் கீறாதிருக்க அதன் அடியில் நூற்கட்டோ பித்தளைப் பூணோ தேவை. மறுமுனையில் கைப்பிடி. ஆளிவிதை எண்ணெய் பூசினால் ஈரம் ஏறாது. மரம் குழலைக் கீறாது என்பர். அது முழு உண்மையன்று. மணல் ஒட்டிய மரக்கோல் அரமாகிவிடும், ஆதலின் ஒவ்வொரு முறையும் கோலையே முதலில் துடைக்க வேண்டும்.

இனி, சான்று என்னும் வகையில் இக்கோல் கூறுவது யாது? படைவீரரும் சிறப்புக் காவலரும் ஏந்திய லீ-என்ஃபீல்டு துப்பாக்கிக்குக் கோல் வேண்டியதில்லை. பித்தளைக் குண்டு கட்டிய இழுகயிறும் எண்ணெய்ப் புட்டியும் அதன் அடிக்கட்டைக்குள்ளேயே வைக்கப்பட்டிருந்தன. எனவே தோட்ட வீடொன்றின் பரணில் கைப்பிடியுள்ள மரக்கோல் கிடைப்பின், அது போர்த்துப்பாக்கியைக் காட்டிலும் பன்றி விரட்டிய துப்பாக்கியைச் சுட்டுவதாகக் கொள்ளவே இடமுண்டு. கைப்பிடியின்றி, இடிபட்டு மழுங்கிய முனையோடு இருந்தால் வாய்வழி மருந்திடும் பழைய வகையினது எனலாம். நீளம் குழலின் நீளத்தையும் தடிப்பு அதன் துளையளவையும் உணர்த்தும். பொருள் சேகரிப்போர் இம்மூன்றையும் அளந்து, மரத்தின் பெயரையும் வீட்டார் அக்கோலை அழைத்த சொல்லையும் சேர்த்துக் குறித்துவைத்தல் வேண்டும்.