டிரம்மை ஓரங்கட்டிய சாலை

மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் வழக்கமானது எப்படி என்று கேட்டால், கம்பெனி கொடுத்தது, ஜனங்கள் வாங்கினார்கள் என்பதே பொதுவான பதில். செங்கல்பட்டு, மாமல்லபுரம் பக்கத்தைப் பொறுத்தவரை இது பாதிக் கதைதான். டிரம் பிரேக்கை இங்கே ஓரங்கட்டியது சாலை. ஹோண்டா 1969-லேயே சிபி750 வண்டியை முன் டிஸ்க்கோடு விற்கத் தொடங்கிவிட்டது. நம் ஊரிலோ பல பத்தாண்டுகள் டிரம்தான். வெளிநாட்டில் முன் டிஸ்க்கோடு ஓடிய யமஹா ஆர்டி350, 1983-ல் எஸ்கார்ட்ஸ் கையால் ராஜ்தூத் 350 ஆகி இந்தியாவுக்கு வந்தபோது, அந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு டிரம்மைப் பொருத்தினார்கள். சீறிப் பாயும் வண்டிக்கே அந்தக் கதி. 1955-ல் மெட்ராஸில் கால்பதித்த என்ஃபீல்டின் புல்லட்டும் டிரம்மோடேதான் காலம் தள்ளியது. யாரும் பெரிதாகக் குறைபட்டுக்கொள்ளவில்லை.

தொழில்நுட்பம் இல்லாததால் வந்த தாமதம் என்று சொல்ல முடியாது. சென்னைப் பாடியில் பிரேக்ஸ் இந்தியா 1962-லும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-லும் தொடங்கின. நாட்டின் பிரேக் தொழிலில் முக்கியமான சில நிறுவனங்கள் சென்னையைச் சுற்றியே இருந்தன. மறைமலை நகரிலிருந்து 1999-ல் வெளிவந்த ஃபோர்டு ஐகான் காரின் முன்சக்கரங்களில் டிஸ்க் இருந்தது. விலைதான் காரணம் என்பது இதைவிட வலுவான மறுப்பு. டிஸ்க் வைத்தால் மாஸ்டர் சிலிண்டர், ஹோஸ், காலிப்பர் என்று செலவு ஏறும். போட்டி வந்த பிறகே கம்பெனிகள் அதற்குத் துணிந்தன. 1999-ல் ஹீரோ ஹோண்டா சிபிஇசட், 2001-ல் பஜாஜ் பல்சர் வந்தது அப்படித்தான். ஆனால் கடையில் இரண்டும் கிடைத்தபோது யார் எதை எடுத்தார்கள் என்பதற்கு விலை மட்டும் விடை சொல்லாது.

சாலையைப் பார்த்தால் விடை தெரியும். கிராமங்களை ஒட்டிய கடலோரச் சாலைகள் இணைந்து கிழக்குக் கடற்கரைச் சாலையாகி, 2002-ல் சுங்கம் வசூலிக்கும் சாலையானது. அதே காலத்தில் கிராண்ட் சதர்ன் டிரங்க் (ஜிஎஸ்டி) சாலையும் அகன்றது. நாற்பதில் போன வண்டி எண்பதில் போகத் தொடங்கினால், நிறுத்தும்போது பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. டிரம் சூடேறினால் விரிந்து ஷூவை விட்டு விலகும். லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பிடி தளரும். டிஸ்க்குக்கு அந்தச் சிக்கல் இல்லை, காற்றும் படுவதால் சீக்கிரம் ஆறும். கோவளத்திலோ சதுரங்கப்பட்டினத்திலோ மீன் ஏற்றி உள்ளூர்களுக்குப் போகும் டிவிஎஸ் எக்ஸ்எல்லுக்கு இன்றும் இரு பக்கமும் டிரம்தான். ஏரிக்கரைப் பாதையில் முப்பதில் போகிறவருக்கு அது தாராளம். விலை குறைவு என்பதும் உண்மைதான், ஆனால் தேவையில்லாததற்கு யார் பணம் கொடுப்பார்கள்? 2019 ஏப்ரல் முதல் தயாரான வண்டிகளில் 125 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸைக் கட்டாயமாக்கிய சட்டமும், அதற்குக் கீழே இரு பிரேக்கையும் இணைக்கும் அமைப்போடு விட்டுவிட்டது. அதனால் டிரம் பிழைத்தது. ஏற்கெனவே சாலை பிரித்துவைத்த இரண்டு கூட்டத்தைச் சட்டம் பின்னால் வந்து எழுதிக்கொண்டது என்றே படுகிறது.

கடலோரத்துக்கு மூடிய டிரம்மே ஏற்றது, மணலும் உப்புக்காற்றும் டிஸ்க்கைத் தின்றுவிடும் என்று வாதிடுவோர் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது, ஆனால் உப்பு கடிக்கும் இடம் வேறு. காரின் வார்ப்பிரும்பு டிஸ்க் ஒரே இரவில் பழுப்பேறிவிடும். பைக் டிஸ்க் பெரும்பாலும் துருவைத் தாங்கும் எஃகு. மாட்டிக்கொள்வது காலிப்பர் நகரும் பின். கிரீஸ் காய்ந்து அது இறுகினால், பிஸ்டன் பக்கத்து பேட் தகடுவரை தேய்ந்திருக்கும்; எதிர்ப்பக்கத்து பேடில் உராய்வுப் பொருள் பாதி அப்படியே கிடக்கும். தகடு உரசி டிஸ்க்கில் வரிவரியாகப் பள்ளம் விழும். டிரம் காலத்தில் மெக்கானிக் ஷூவை உப்புத்தாளில் தேய்த்து, பின்னால் நட்டைத் திருகி இன்னும் கொஞ்ச நாள் ஓட்டவைப்பார். இங்கே அந்த வித்தை செல்லாது. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போனாலோ பள்ளம் ஆழமானாலோ டிஸ்க்கையும் பேடையும் சேர்த்தே மாற்ற வேண்டும், பின்னைத் துடைத்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும். பேடை மட்டும் மாற்றி அனுப்பினால், அதே பள்ளங்கள் புது பேடையும் அரித்துவிடும்.