அக்கம்பக்கம்: காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் ஒரு கருத்தின் வரலாறு

அக்கம்பக்கம் என்பது ஒருவர் குடியிருக்கும் வீட்டைச் சூழ்ந்த தெருக்களையும் அங்கு வாழும் மக்களையும் சேர்த்துக் குறிக்கும் சொல்லாகும். அண்டை அயல், சுற்றுவட்டாரம் ஆகியனவும், பேச்சுவழக்கில் ஏரியா என்பதும் இதே பொருளில் வழங்குகின்றன. தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையையும் புறநகர் ரயில் பாதையையும் ஒட்டி அமைந்துள்ள காட்டாங்குளத்தூர் வட்டாரத்தில் இக்கருத்தின் பழைய வடிவங்களையும் புதிய வடிவங்களையும் அருகருகே காணலாம்.

பழைய வழக்கு

சங்க அகப்பாடல்களில் அயலாரின் பேச்சுக்குத் தனிப் பெயர்களே உண்டு. காதலரைப் பற்றி வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். ஊரறியப் பேசுவது அலர். திருக்குறளின் 115ஆவது அதிகாரம் அலரறிவுறுத்தல் எனப்படுகிறது. அயலார் துணையாகவும் கண்காணிப்பாகவும் இருந்தனர் என்பதை இவை காட்டுகின்றன.

சேரி என்ற சொல் முதலில் பலர் சேர்ந்து வாழும் குடியிருப்பைப் பொதுவாகக் குறித்தது. முதலாம் பராந்தக சோழனின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) அந்தப் பிராமண ஊரின் 30 குடும்புகளையும் 12 சேரிகளையும் குறிப்பிடுகின்றன. ஆனால் முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் வருகின்றன. பிற்காலத்தில் சேரி என்பது ஒடுக்கப்பட்ட மக்களின் குடியிருப்பை மட்டுமே குறிப்பதாகச் சுருங்கியது. ஊர் வேறு, சேரி வேறு என்றானது.

மனை உரிமை

அக்கம்பக்கமாக வாழ முதலில் குடியிருக்கும் மனை சொந்தமாக இருக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் செங்கல்பட்டு மாவட்டத்தில் பறையர் மக்களில் பலருக்கு அதுவும் இல்லை. குடிசை நின்ற இடமே நிலவுடைமையாளர் பிடியில் இருந்ததால், அவரை எதிர்த்தால் வீட்டையும் இழக்க நேரிடும். மாவட்ட ஆட்சியராக இருந்த ஜே. எச். ஏ. டிரெமென்கீர் இந்நிலையை அரசுக்கு அறிக்கையாக அளித்தார். அதன் தொடர்ச்சியாக 1892இல் பிறந்த அரசாணையே பஞ்சமி நிலங்களுக்கு அடிப்படையாகும்.

திட்டமிட்ட அக்கம்பக்கம்

1929இல் அமெரிக்கரான கிளாரன்ஸ் பெர்ரி, நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக நெய்பர்ஹுட் யூனிட் என்ற கருத்தை விரிவாக வகுத்தார். நடுவில் தொடக்கப்பள்ளி, ஓரத்தில் பெருஞ்சாலைகள், நடந்து செல்லும் தூரத்தில் கடைகள் என்பது அதன் அமைப்பு. சென்னையின் நெரிசலைக் குறைக்க, காட்டாங்குளத்தூரை ஒட்டி மறைமலை அடிகளின் பெயரில் உருவாக்கப்பட்ட மறைமலைநகர் இக்கருத்தின் வழியில் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அங்குள்ள முகவரிகளில் வரும் என்.எச்.1, என்.எச்.2 என்பன நெய்பர்ஹுட் என்பதன் சுருக்கம்; அருகில் செல்லும் தேசிய நெடுஞ்சாலையைக் குறிப்பவை அல்ல.

1985இல் காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம். பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டது. அதன் வளர்ச்சியால் விடுதிகளும் வாடகை அறைகளும் உணவகங்களும் பெருகின. நான்காண்டுகள் தங்கிப் படித்துச் செல்லும் மாணவரும், தலைமுறைகளாக வாழும் குடும்பத்தினரும் ஒரே தெருவைப் பகிர்கின்றனர். ஒருவருக்கு அது சொந்த ஊர், மற்றவருக்குத் தங்குமிடம்.

வெகுமக்கள் பண்பாட்டில்

கே. பாலசந்தரின் பாமா விஜயம் (1967) திரைப்படத்தில் பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை குடிவருவதால் நடுத்தரக் குடும்பம் ஒன்று ஆடம்பரத்தில் சிக்குகிறது. எதிர் நீச்சல் (1968) பல குடித்தனங்கள் வாழும் வீட்டை, அங்கு எல்லோருக்கும் எடுபிடி வேலை செய்யும் ஓர் அனாதை இளைஞனின் வழியே காட்டுகிறது. அசோகமித்திரனின் தண்ணீர் நாவலில் குடிநீர்த் தட்டுப்பாடு ஒரு சென்னைத் தெருவின் உறவுகளைச் சோதிக்கிறது. பா. இரஞ்சித்தின் மெட்ராஸ் (2014) படத்தில் வடசென்னைக் குடியிருப்பின் சுவர் ஒன்று யாருக்கு உரியது என்பதே மோதலாகிறது. இடத்தைப் பகிர்வோரிடையே உரிமை யாருக்கு என்ற கேள்வி, செங்கல்பட்டு மனைகளைப் போலவே இக்கதைகளிலும் எழுகிறது.